எறும்பின் சம்மதம்

அத்தியாயம் ஏழு

“சம்மதம்.”

இந்த ஒற்றை வார்த்தை அச்சான தாளைச் சித்தி எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டு, அதற்கு நேரெதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அப்படியேதான் இருந்தாள். கீழே டயர் கடையில் யாரோ சக்கரத்தைச் சம்மட்டியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் எங்கள் மேஜை ஒருமுறை குதித்தது.

“கல்யாணத்துக்குக்கூட யாரும் இவ்வளவு சுருக்கமா சம்மதம் சொல்லமாட்டாங்க சித்தி,” என்றேன்.

“அதான் எனக்கும் உறுத்துது,” என்றாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். கை முறிந்தது நிஜமா, கட்டு மட்டும்தான் நிஜமா என்று பார்த்துச் சொல்வது அவள் உத்தியோகம். தேவைக்கு மேல் நிஜங்களைக் கண்டுபிடித்துவிட்டதால் வேலை போயிற்று. பிறகுதான் இந்தத் துப்பறியும் நிறுவனம். நான் உதவியாளன். போன இடமெல்லாம் வாயால் கெட்டவன் என்பதால் சொந்தக்காரியைத் தவிர வேறு யாரும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இந்த கேஸைக் கொண்டுவந்தவர் ஒரு பல்செட்காரம்மா. பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவர். நகக்கண்ணில் எப்போதும் ரோஸ் நிற மெழுகு ஒட்டியிருக்கும். அவருடைய கணவர் ஒரு புரோகிராமர். தசைகள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டு போகும் நோய் அவருக்கு. கை போயிற்று, கால் போயிற்று, நாக்கும் போயிற்று. மிச்சம் இரண்டு கண்கள். அந்தக் கண்களைக் கொண்டு ஒரு கருவி மூலம் பேசுகிறார். திரையில் ஓர் எழுத்தைப் பார்த்து இமையைச் சிமிட்டினால் எழுத்து விழும். வாக்கியம் முடிந்ததும் கருவி அதைப் படித்துச் சொல்லும்.

அந்தக் கருவியைச் செய்த கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது. வாங்கியவர்களுக்கு இது வேண்டாத சரக்கு. இந்த மாதக் கடைசி நாள் நண்பகலோடு சேவை நிறுத்தப்படும் என்று அறிவித்துவிட்டார்கள். கருவி அவர்களுடைய சர்வரைக் கூப்பிட்டு அனுமதி வாங்கித்தான் வாயைத் திறக்கும். சர்வர் நின்றால் கருவி ஊமை. கருவி ஊமையானால் அவரும் ஊமை.

“அவரு இமை தானாவும் துடிக்கும் மேடம்,” என்று அந்தம்மா முதல்முறை வந்தபோதே சொல்லியிருந்தார். “எது அவர் சிமிட்டினது, எது தானா துடிச்சதுன்னு கட்டின பொண்டாட்டி எனக்கே தெரியாது. அந்த மெஷினுக்குத்தான் தெரியும்.”

கொடுமை என்னவென்றால், கருவிக்குள் ஓடும் புரோகிராமின் வேர் அந்தக் கணவரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து எழுதியது. கட்டற்ற மென்பொருள் என்பார்கள், ஓப்பன் சோர்ஸ் என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று மட்டும் அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள், பொழுது சாய்ந்துவிடும். லைசென்ஸ் என்றால் வண்டி ஓட்டுவதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இவர்களோ லைசென்ஸுக்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் ஜாதி.

சண்டை இவ்வளவுதான். ஒரு லைசென்ஸ் சொல்கிறது: எடுத்துக்கொள், மாற்று, விற்றும் கொள்; ஆனால் நீ மாற்றியதையும் எல்லோருக்கும் திறந்து காட்ட வேண்டும். குழுவில் இதற்குப் பெயர் ‘திருப்பிக் கொடு’. இன்னொன்று சொல்கிறது: எடுத்துக்கொள், என்ன வேண்டுமானாலும் செய், எங்கள் பெயரை ஒரு மூலையில் போட்டால் போதும். இதற்குப் பெயர் ‘எடுத்துட்டுப் போ’. முதலில் அவர்கள் புரோகிராம் ‘திருப்பிக் கொடு’வில்தான் இருந்தது. பிறகு, அதுவரை சாதாரண கேமராவை வைத்தே கண்ணால் எழுதிவந்த கணவரின் இமைகள் தளர ஆரம்பித்தன. நல்ல கேமரா வைத்த கருவி தேவைப்பட்டது. அதை ஒரு கம்பெனிதான் செய்ய முடியும். ‘திருப்பிக் கொடு’ என்றால் எந்தக் கம்பெனியும் கிட்டவே வரவில்லை. எனவே லைசென்ஸை மாற்றலாம் என்று கணவர் முன்மொழிந்தார்.

மாற்றுவதென்றால் புரோகிராமில் ஒரு வரி எழுதியவர்கூடச் சம்மதிக்க வேண்டும். எல்லோரும் சம்மதித்தார்கள், ஒருவரைத் தவிர. அவர் எறும்பு. குழுவில் அதுதான் அவர் பெயர். நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. சிமிட்டலையும் துடிப்பையும் பிரித்தறியும் பகுதி முழுக்க அவர் எழுதியது. அதை எடுத்துப் போட்டுவிட்டு வேறு எழுதிப் பார்த்தார்கள், தேறவில்லை.

குழுவின் பழைய மெயில்கள் அத்தனையையும் படிக்கும் தண்டனை எனக்கு விதிக்கப்பட்டது. பங்காளிச் சண்டையில்கூட இவ்வளவு சூடு கிடையாது. கணவர் எழுதுகிறார்: கட்டுப்பாடு போட்டால் கம்பெனி தொடாது, கம்பெனி தொடாவிட்டால் நோயாளியின் கைக்கு எதுவும் போய்ச் சேராது. எறும்பு எழுதுகிறார்: இன்று ஆசையாகத் தொடுகிற கை நாளைக்குப் பூட்டுப் போடும், அப்போது நீ யாரிடம் போய் நிற்பாய். இப்படியே மாதக்கணக்கில். எறும்புக்கு ஒரு பதில் என்பது ஒரு கட்டுரை. போதாக்குறைக்கு, பதிலை எங்கே எழுதுவது என்பதற்கும் அவரிடம் சட்டம் இருந்தது. கேள்வி மேலே, பதில் அதற்குக் கீழே. கேள்விக்கு மேலே பதில் எழுதியவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருந்தார். இந்தச் சட்டத்துக்கு ஏதோ ஒரு விலக்குகூட அளித்திருந்தார். அந்த இடத்தில் நான் டீ குடிக்க இறங்கிவிட்டேன்.

இத்தனைக்கும் பிறகு ஒருநாள் எறும்பிடமிருந்து அந்த ஒற்றைச் சொல். லைசென்ஸ் மாறியது, கம்பெனி எடுத்துக்கொண்டது, கருவி வந்தது. எறும்பு அதன் பிறகு குழுவில் எழுதவே இல்லை.

அந்தச் சம்மதம் போலியாக இருந்தால் கம்பெனி வைத்திருப்பது இன்னும் ‘திருப்பிக் கொடு’ சரக்கு. உள்ளே இருப்பதைத் திறந்து காட்டியே ஆக வேண்டும். திறந்துவிட்டால் நண்பர்கள் சர்வர் இல்லாமலே கருவியை ஓட்டிவிடுவார்கள். பல்செட்காரம்மா பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த கயிறு இது ஒன்றுதான். பழைய புரோகிராமைப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. அந்தக் கண்களின் இன்றைய நிலைக்கு அது ஓர் எழுத்தைக்கூடப் பிடிக்கவில்லை.

“கம்பெனிக்காரன்தான் பொய்யா எழுதிக்கிட்டான். எந்தப் பாவின்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம்,” என்று முதல் நாளே கேட்டிருந்தார் அந்தம்மா. “இவரு வேணாங்கறாரு. வீண் அலைச்சலாம். இருபது வருஷமா எதைச் சொன்னாலும் வேணாம்னுதான் சொல்லுவாரு.”

சித்தி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“டேய், அந்தத் தாள்ல வார்த்தை எங்க இருக்கு?”

பார்த்தேன். தாளின் கீழ்ப் பாதியில் குழுவின் கேள்வி, எட்டுப் பத்து வரி. அதற்கு மேலே, உச்சியில், அந்தச் சொல்.

“மேல இருக்கு.”

“கீழ எழுதணும்னு ஊரையே திட்டினவன், தன் வாழ்க்கையிலேயே முக்கியமான பதிலை மேல எழுதுவானா?”

அந்தத் தாளை நானே பத்து தடவை கையில் எடுத்திருக்கிறேன். என் மூளையை எங்கே அடகு வைத்தேனோ தெரியவில்லை.

*

கம்பெனி அலுவலகத்தைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். நாற்காலிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. இரண்டு பேர் ஒரு தொட்டிச் செடியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அதன் இலைகள் வழியெல்லாம் தரையைப் பெருக்கின. குழுவின் பழைய ஒருங்கிணைப்பாளர் இப்போது இங்கேதான் மேனேஜர், மாதக் கடைசி வரைக்கும். எல்லோரிடமும் சம்மதம் கேட்டு வாங்கியவர் அவர்தான். அதனால் எங்கள் சந்தேகமும் அவர் மேல்தான்.

மனிதர் மறைக்கவில்லை. லைசென்ஸை மாற்றத் தானும் ஆசைப்பட்டதாகச் சொன்னார். கருவியின் கோட், அதாவது அந்தப் புரோகிராம் வரிகள், தன்னிடம் இருந்தால் இந்த நிமிஷமே கொடுத்துவிடுவேன் என்றும், வாங்கியவர்கள் முதல் வேலையாக எல்லோருடைய அனுமதியையும் பிடுங்கிவிட்டார்கள் என்றும் சொன்னார். சொல்லும்போது கழுத்திலிருந்த அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம் வர மறுத்தது, அதுவே எரிச்சலாக இருந்தது.

சித்தி விசாரணை எதுவும் செய்யவில்லை. காது சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு புளுகு சொல்லி, மூன்று கேள்விகளை அங்கேயே போனில் அவருக்கு மெயில் அனுப்பினாள். எதிரே உட்கார்ந்திருக்கும் மனுஷிக்கு அவரும் பொறுமையாகத் தட்டச்சு செய்து பதில் அனுப்பினார். சித்தி படித்தாள், நன்றி சொன்னாள், எழுந்துவிட்டாள்.

படியிறங்கும்போது போனை என் மூக்கருகே நீட்டினாள். ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் அதனதன் பதில், இடம்விட்டு, ஒழுங்காக.

“எறும்பு வளர்த்த பிள்ளை. செத்தாலும் மேல எழுதமாட்டாரு,” என்றாள். “இவர் இல்ல.”

பஸ்ஸில் என் கையிலிருந்த மெயில் கட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு புரட்ட ஆரம்பித்தாள். நான் டீ குடிக்கப் போன இடம் வந்ததும் புரட்டுவது நின்றது. அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லும்போது சித்தியின் முகம் எப்போதும் கொஞ்சம் வீங்கினாற்போல் இருக்கும்.

“போலின்னு சொல்ல எறும்பு வேணும்,” என்றாள் பிறகு. “ஒருத்தன் வாசல்ல நிக்கிறானா, இல்ல தாண்டிப் போறானான்னு தெரிஞ்சே ஆகணும்னு யாருக்குடா இருக்கும்?”

“வீட்டுக்காரருக்கு. வாடகை கேக்கற அன்னிக்கு.”

“அவர் கோட்ல காத்திருக்கிற நேரத்துக்கு என்ன பேர் வச்சிருக்காருன்னு படிச்சியா? கதவு நேரம். சிமிட்டல் முடிஞ்சா ‘தளம் வந்தாச்சு’ன்னு எழுதியிருக்காரு.”

லிஃப்ட். கதவு மூடும் நேரத்தில் குறுக்கே வருவது ஆளா, ஆளின் பை மட்டுமா, நிழலா என்று தவறாமல் தெரிந்துகொள்ள வேண்டிய தொழில்.

அடுத்த நாள் சித்தி லிஃப்ட் ரிப்பேர் நிறுவனங்களுக்கு வரிசையாகப் போன் போட்டாள். எல்லோரிடமும் ஒரே கேள்வி: உங்ககிட்ட எதை எடுத்தாலும் வாதாடுற மெக்கானிக் யாராவது இருக்காங்களா? முதல் இடத்தில் போனை வைத்துவிட்டார்கள். அடுத்த இடத்தில் எல்லோரும் அப்படித்தான் என்றார்கள். அதற்கடுத்த இடத்தில் போனை எடுத்த பெண் பெருமூச்சு விட்டார். “அவரா? இப்ப எந்த பில்டிங்ல இருக்காருன்னு சொல்றேன். தயவுசெஞ்சு அவரைப் பாத்தேன்னு எங்ககிட்ட வந்து சொல்லாதீங்க.”

அந்தக் கட்டடத்தில் அவரைப் பிடிக்க மாதக் கடைசி நாள் காலை ஆகிவிட்டது.

*

மேல்மாடிக்கும் மேலே, லிஃப்டின் மெஷின் ரூம். மோட்டார் சூட்டில் அறை அடுப்படியாக இருந்தது. கிரீஸ் பூசிய எஃகு வடங்கள் தரையின் துளை வழியாக இருட்டுக்குள் இறங்கின. எறும்பு என்ற பெயரை அவருக்கு வைத்தவன் கையில் கிடைத்தால் கும்பிடலாம். மனிதர் அந்த அறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் உள்ளே வந்ததற்கே ஒரு வாதம் நடந்தது. கதவில் ‘அனுமதி இல்லை’ என்று போட்டிருக்கிறதே என்றார். தாழ்ப்பாள் போடவில்லையே என்றாள் சித்தி. எழுத்து என்பது தாழ்ப்பாளுக்கும் மேல் என்றார். இவர்தான், சந்தேகமே இல்லை.

சித்தி அந்தத் தாளை நீட்டினாள். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

“நான் எழுதினதுதான்,” என்றார்.

சித்தி அசையவில்லை.

“நீங்க பதிலை மேல எழுதுற ஆளா?”

மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. வடங்கள் ஓடின, எங்கோ கீழே ஒரு தளத்தில் போய் நின்றன. அவர் கையுறையைக் கழற்றி, விரல் விரலாக உதறினார்.

சித்தி கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்து என்னிடம் கொடுத்தாள். “படி.”

எறும்பின் பழைய மெயில். படித்தேன்: “கண்ணால் எழுதுகிறவன் கேள்வியைத் தாண்டிக் கீழே இறங்கி வருவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கிவிடும். அவன் ஒருவன் மட்டும் பதிலை மேலே எழுதலாம். மற்ற சோம்பேறிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது.”

குழுவில் கண்ணால் எழுதுகிறவர் ஒருவர்தான், அந்தக் கணவர். குழுவின் மெயில் முழுக்க அந்தக் கணவர் வீட்டு அலமாரியிலிருந்த கம்ப்யூட்டர் வழியாகத்தான் போய்வந்தது என்று பல்செட்காரம்மாவே பெருமையாகச் சொல்லியிருந்தார். அந்த அலமாரிக்குச் சாவி வைத்திருப்பவர் யார் பெயரிலும் எழுதலாம். அந்தப் பாவியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அந்தம்மா கிளம்பியபோது, வீண் அலைச்சல், வேண்டாம் என்று கணவர் தடுத்தது இதனால்தான்.

“பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு,” என்றார் எறும்பு. “பயங்கரக் கோபம். நாலு பக்கத்துக்கு மறுப்பு எழுதினேன். அனுப்பறதுக்கு முன்னாடி கம்பெனி வக்கீல் எப்படியோ தேடிப் பிடிச்சு வேலை செய்யற இடத்துக்கே வந்துட்டாரு. இந்தச் சம்மதம் உங்களுதுதானே, கையெழுத்துப் போடுங்கன்னாரு.”

“போட்டீங்க.”

“போட்டேன்.”

ஏன் என்று சித்தி கேட்கவில்லை. கேட்டது நான்தான்.

“அந்த ஒரு வார்த்தையை என் பேர்ல திருட அவன் எத்தனை தடவை சிமிட்டியிருப்பான்னு எனக்குத் தெரியும். அந்தச் சிமிட்டலை எண்ணுற கோடே நான் எழுதினது,” என்றார். “வாதத்துல என் பக்கம்தான் நியாயம். இன்னிக்கும் சொல்லுவேன். ஆனா நான் ஜெயிச்சிருந்தா அவன் அப்பவே ஊமையாயிருப்பான்.”

ஆகக் கயிறு அறுந்தது. அதை அறுத்தவர் கம்பெனிக்காரர் அல்ல, ஏமாற்றுக்காரர் அல்ல. ஒரு நல்ல மனிதர், நல்ல எண்ணத்தோடு, தன் கையாலேயே அறுத்திருந்தார். இப்போது அந்தக் கையெழுத்து பொய் என்று அவர் சொன்னால், வக்கீல் முன்னால் பொய் சொன்னவர் பேச்சை எந்தக் கோர்ட் கேட்கும்? கேட்டாலும் விசாரணை முடிவதற்குள் எத்தனை மாதக் கடைசிகள் வந்து போகும். ஏமாற்றியது யார் என்ற கேள்வி வந்தால் கூண்டில் ஏற்ற வேண்டியது கட்டிலில் கிடக்கும் அந்தக் கணவரைத்தான். சித்தி இதையெல்லாம் இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். அவர் முதல்முறையாக மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொண்டார்.

புதிதாக எழுத முடியாதா என்று கேட்டேன். முடியும் என்றார். கம்பெனிக்கே அந்தக் கண்களோடு பழக இரண்டு வருஷம் பிடித்தது, அதுவும் கண்கள் இன்னும் நன்றாக இருந்த காலத்தில். நான் தனி ஆள், ராவும் பகலும் எழுதுவேன், அவனுக்கு அவ்வளவு நாள் இருக்கா என்று திருப்பிக் கேட்டார். எனக்கு அழுகை வந்தது. ஜோக் அடிக்கலாம் என்று பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

“நான் அவனை நேர்ல பார்த்ததே இல்ல,” என்று சொல்லிக்கொண்டே எறும்பு மெயின் சுவிட்சை அணைத்தார். “வாங்க, போலாம். பேசறப்பவே பாத்துடறேன்.”

*

ஜன்னல் விளிம்பில் பல் அச்சுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கட்டிலுக்கு மேலே வளைந்த இரும்புக் கை, அதன் நுனியில் கருவி. சுவரில் உயிரும் மெய்யும் கட்டம் கட்டமாக எழுதிய ஓர் அட்டையைப் புதிதாக ஒட்டியிருந்தார் பல்செட்காரம்மா. இன்று நண்பகலிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் கேட்கப்போகிறாராம். ஒரு சிமிட்டல் ஆமாம், இரண்டு இல்லை. பழகிக்கொள்ளலாம் என்று சொன்னார், அந்த நம்பிக்கை அவருக்கே இல்லை என்பது தெரிந்தது.

எறும்பைப் பார்த்ததும் அந்தம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. சாட்சி நடந்து வந்துவிட்டதே. இவர்தானா, நீங்க எழுதலதானே, நீங்க சம்மதிக்கலதானே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எறும்பு கட்டிலைப் பார்த்தார்.

கட்டிலிலிருந்த கண்களும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு அவை திரைக்குப் போயின. கொஞ்ச நேரம் கழித்துக் கருவி பேசியது. விளம்பரத்தில் சோப்பு விற்கும் உற்சாகமான ஆண் குரல்.

“எறும்பா?”

“ஆமா.”

மறுபடியும் கொஞ்ச நேரம்.

“நீ குண்டு.”

எறும்பு சிரித்தார். அந்தம்மாவும் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்த வீட்டில் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

“சொல்லுங்க மேடம். யாரு எழுதினது?” என்று அந்தம்மா சித்தியைக் கேட்டார்.

சித்தி பொய் சொல்லி நான் பார்த்ததில்லை, மேனேஜரிடம் சொன்ன செவிட்டுக் கதை தவிர. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். அதற்குள் திரையில் எழுத்துகள் விழ ஆரம்பித்துவிட்டன. ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவே இமை துடித்தது, துடித்தது, பிறகு சிமிட்டியது. எது எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கருவிக்குத் தெரிந்தது.

“அதை எழுதியது நான்.”

சோப்பு விற்கும் குரல் அதைச் சந்தோஷமாகச் சொன்னது. அந்தம்மா எறும்பின் கையை விட்டார். கணவரைப் பார்த்தார். அந்தப் பாவி கிடைத்தால் என்ன செய்வேன் என்று எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து என்னென்னவோ சொன்னவர், இப்போது நகக்கண்ணிலிருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.

இமைகள் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்தன. ஓர் எழுத்து. இன்னோர் எழுத்து. ‘உன்னிடம்’ என்று திரையில் வந்தது. அடுத்து ஓர் எழுத்து வந்து நின்றது. திரை ஒருமுறை வெளுத்தது.

“எங்கள் சேவையைப் பயன்படுத்தியதற்கு நன்றி,” என்றது கருவி. அதே குரல், அவருடைய குரல். “வணக்கம்.”

திரை கறுத்தது. எறும்பு பாய்ந்து பொத்தான்களை அமுக்கினார், பின்பக்கம் தட்டினார், வயரைப் பிடுங்கிச் செருகினார். அது செத்துவிட்டது என்று அங்கிருந்தவர்களில் அவருக்குத்தான் மிக நன்றாகத் தெரியும். இருந்தாலும் செய்துகொண்டே இருந்தார். சித்திதான் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

அந்தம்மா இரும்புக் கையை மெதுவாக ஒதுக்கிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“என்னங்க,” என்றார். “என்கிட்ட சொல்லணும்னு ஒரு தடவையாவது தோணிச்சா?”

இமை தாழ்ந்தது. எழுந்தது.

அந்தம்மா அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவதாக ஒன்று வருகிறதா என்று காத்திருந்தார். இமையின் ஓரம் லேசாகத் துடித்தது, பிறகு அதுவும் நின்றது. அவர் எறும்பின் பக்கம் திரும்பினார்.

“நீங்கதானே அந்தக் கோட் எழுதினீங்க. சொல்லுங்க. இது ஆமாவா, இல்ல சும்மா துடிச்சதா?”

எறும்பு குனிந்தார். அந்தப் பெரிய உடம்பை மடக்கிக் கட்டிலருகே முட்டி போட்டு, நண்பரின் முகத்துக்கு வெகு அருகில் தன் முகத்தைக் கொண்டுபோனார். இமை இன்னொரு முறை தாழ்ந்து எழுந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“தெரியலம்மா,” என்றார்.